கார் செட்டில் மார்கழி

மார்கழி விடியலில் மகாராஜபுரத்துத் தெருவில் நின்றால் ஒலிபெருக்கியில் திருப்பாவை காதில் விழும். அதற்கு நடுவே, பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டின் கார் செட்டுக்குள்ளிருந்து இன்ஜின் சத்தமும் வரும். செல்ஃப் இரண்டு முறை இழுக்கும், பிடித்துக்கொள்ளும், பத்து நிமிடம் சீராக ஓடும், பிறகு அடங்கிவிடும். வண்டி ஓரடிகூட நகர்ந்திருக்காது. வீட்டுக்காரர் வெளிநாட்டில். சாவி பக்கத்து வீட்டுச் சுவரில், ஆணியில். கிளம்பும்போது அவர் சொல்லிவிட்டுப் போனது ஒரே ஒரு வரி: "சித்தப்பா, வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி மட்டும் விட்ருங்க."

சித்தப்பா தவறுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காரை எழுப்பிய பிறகுதான் அவருக்குக் காபி. ஓட்ட லைசென்ஸ் கிடையாது. வாழ்நாள் முழுக்க அவர் ஓட்டியது எக்ஸ்எல் மொபெட்தான். கதவைத் திறந்து, வலது காலை வெளியே தரையில் ஊன்றி, இடது காலால் கிளட்சை மிதித்து, பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் சாவியைத் திருகுவார். சீட்டில் உறை பிரிக்காத பிளாஸ்டிக் சரசரக்கும். பத்து நிமிடம் பேப்பர் பார்ப்பார். அணைப்பார். பூட்டுவார். வண்டிக்கு நல்லது செய்துவிட்டோம் என்ற நிறைவோடு வீட்டுக்குப் போவார்.

நல்லதுதானா? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைச் சாலையில் வந்து, கிருஷ்ணன்கோவிலில் மேற்கே திரும்பி, வத்திராயிருப்பையும் கடந்தால் மகாராஜபுரம். அதற்கும் மேற்கே தாணிப்பாறை. அங்கிருந்து நடை, சதுரகிரி மலை. தென்னையும் வயலும் மாந்தோப்பும் மலை வரைக்கும் போகும். ஆடி அமாவாசைக்கு மலைக்கோயிலுக்கென்று இந்த வழியாகப் போகும் வண்டிகளைப் பார்த்தால் தமிழ்நாட்டுக் கார் எல்லாம் இங்கே வந்துவிட்டதோ என்று தோன்றும். மற்ற நாட்களில் ஊர்க் கார்களில் பல செட்டுக்குள்தான் நிற்கின்றன.

நான் சின்னப்பையனாக இருந்தபோது நிலைமை தலைகீழ். கார் இருந்த வீடுகளை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம். ஆனால் இருந்த கார் சும்மா நின்றது அபூர்வம். எங்கள் சொந்தத்தில் பெரியப்பா முறையாகும் ஒருவரிடம் ஒரு அம்பாசடர் இருந்தது. அவருடைய வண்டி என்று பேர்தானே தவிர, பிரசவ வலி எடுத்தால் அது ஆஸ்பத்திரி வண்டி, முகூர்த்த நாளில் பொண்ணு அழைக்கிற வண்டி, எலெக்ஷன் வந்தால் கொடி கட்டிய வண்டி. வெள்ளை நிறத்தில் மலையடிவாரச் செம்மண் ஏறி, என்ன நிறம் என்றே சொல்ல முடியாத ஒரு நிறத்தில் இருக்கும்.

அந்த வண்டியை மார்கழிக் காலையில் எழுப்புவது ஒரு தனி வித்தை. நம்மூர்க் குளிர் என்ன பெரிய குளிர்? விடியலில் 20 பாகைக்கு அருகே இறங்கினால் அதற்கே குரங்குக் குல்லா மாட்டிக்கொள்கிறோம். ஆனால் அம்பாசடருக்குப் பகை, குளிரைவிடப் பனி ஈரம். கீற்றுக் கொட்டகைக்கு முன்பக்கம் கதவு கிடையாது. மலையிலிருந்து இறங்கும் ஈரக்காற்று பானெட்டுக்குள் புகுந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம் வேர்வைபோலப் படிந்துவிடும். மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்த ஈரத்தின் வழியாகவே ஓடிப்போகும். அதனால் டிரைவர் முதல் வேலையாக மூடியைக் கழற்றி, வேட்டி முனையால் துடைப்பார். அதற்கும் மசியவில்லை என்றால் ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போவார். இட்லி வெந்துகொண்டிருக்கும் அடுப்பின் ஓரத்தில் பிளக்குகள் சூடேறும். பெரியம்மா திட்டிக்கொண்டே கொஞ்சம் தணலை இழுத்துவிடுவார்.

பிறகு சோக். அதை எவ்வளவு இழுப்பது, எப்போது உள்ளே தள்ளுவது என்பது காதால் அறிகிற கணக்கு. அதிகம் இழுத்தால் பெட்ரோல் வாடை வரும், பிளக் நனைந்துவிடும், மறுபடியும் அடுப்பங்கரை. செல்ஃப் எடுக்காவிட்டால் முன் பம்பரில் இருக்கிற துளை வழியாக ஹேண்டிலைச் செருகிச் சுற்றவேண்டும். ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைக்கவேண்டும், சுற்றி வளைத்துப் பிடிக்கக்கூடாது. இன்ஜின் எதிர்த்து உதைத்தால் வளைத்த கட்டைவிரல் போய்விடும். எங்களுக்கு ஹேண்டிலைத் தொட அனுமதி கிடையாது; தள்ளுவதற்குத்தான் அனுமதி.

தள்ளுவது என்றால் தெருவே வரும். பள்ளிக்கூடம் போகிற பையன்கள், பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிறவர், திண்ணையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர். டிரைவர் செகண்ட் கியரில் போட்டு, கிளட்சை மிதித்து வைத்திருப்பார். வண்டி வேகம் எடுத்ததும் சட்டென்று விடுவார். ஒரு குலுங்கல், ஒரு தும்மல், ஒரு கறுப்புப் புகை, பிறகு 'டுப் டுப்'பென்று பிடித்துக்கொள்ளும். தள்ளிய அத்தனை பேரும் அன்றைக்கு அந்தக் காருக்குப் பங்காளிகள்.

இதிலெல்லாம் என் மனசில் தங்கிய விஷயம் வேறு. டாஷ்போர்டில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது அது எரியும், வேகம் கொடுத்தால் அணையும். அப்போதைய அம்பாசடரில் பேட்டரிக்கு மின்சாரம் தந்தது டைனமோ. இன்ஜின் வேகமாகச் சுற்றாதவரை டைனமோ எதையும் தராது. "அந்தச் செவப்பு அணையிற வரைக்கும் பேட்டரிக்கு ஒத்தப் பைசா வரவு கெடையாது தம்பி" என்பார் டிரைவர். நிறுத்திவைத்த வண்டியை ஸ்டார்ட் பண்ணிச் சும்மா ஓடவிட்டால் பேட்டரி நிறையும் என்று அந்த மனிதரிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது. விளக்கே எதிர்சாட்சி சொல்லும்.

அதனால், வண்டி நிற்கவேண்டிய நாட்கள் வந்தால் அவர் செய்த காரியம் இன்றைக்கு ஊரில் யாரும் செய்யாத காரியம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்து, ஓடைகளில் தண்ணீர் வந்து பாதை போகும். அப்போது ஸ்பானரை எடுத்துப் பேட்டரியைக் கழற்றிவிடுவார். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதை வெந்நீர் ஊற்றிக் கழுவுவார். மழை விட்டதும் பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, வத்திராயிருப்பில் சார்ஜ் போடும் கடைக்குக் கொண்டுபோவார். ஒரு ராத்திரி முழுக்க மெதுவாகச் சார்ஜ் ஏறும். வண்டியைக் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்திவிடுவார். மழைக்காலத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தினால் உள்ளே இருக்கிற லைனிங் டிரம்மோடு துரு பிடித்து ஒட்டிக்கொள்ளும் என்பது அவருக்கு அனுபவப் பாடம். அதற்குப் பிறகு வண்டியைத் தொடமாட்டார். பத்து நாளோ இருபது நாளோ அது தூங்கும். ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிற பேச்சே இல்லை.

அவருக்கும் முந்தைய தலைமுறைக்கு அந்த ஆசையே எழுந்திருக்காது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் ரேஷன். மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் கரிவாயுக் கருவி தயாரித்து வாகனங்களில் பொருத்தியது அந்தத் தட்டுப்பாட்டில்தான். மரக்கரியை எரித்து, அந்த வாயுவில் வண்டி ஓடியது. அப்படிப்பட்ட காலத்தில், நிறுத்திவைத்த காரை எழுப்பிப் பார்ப்பதற்கென்று கூப்பன் பெட்ரோலை யார் செலவழித்திருப்பார்கள்?

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. ஹேண்டில் துளை இல்லாத கார். வண்டிகளுக்கு மின்கருவிகள் செய்யும் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனம் சென்னை பாடியில் 1961-இலேயே தொடங்கப்பட்டிருந்தது; பிறகு டைனமோ போய் ஆல்டர்னேட்டர் என்பது மெல்ல மெல்ல எல்லா வண்டிக்கும் பொதுவாயிற்று. ஆல்டர்னேட்டர் ஸ்லோவிலும் கொஞ்சம் மின்சாரம் தரும். சிவப்பு விளக்கு இன்ஜின் பிடித்த மறு நொடியே அணைந்துவிடும். இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் 'வரவு இல்லை' என்று கண்ணுக்கு நேராகச் சொன்ன அந்தச் சாட்சியும் அதோடு போயிற்று. 2000-ஐ ஒட்டி கார்புரேட்டரும் போய், கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் பெட்ரோல் பீய்ச்சும் முறை வந்தது. சோக் போயிற்று. அடுப்பங்கரையில் பிளக் சுடும் வேலையும் போயிற்று. 2014 மே மாதம் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தியே நின்றது. அதே வருடம் ஜனவரியில் மாருதி 800-ம் விடைபெற்றிருந்தது.

இன்றைக்குச் சாவியைத் திருகினால், சில வண்டிகளில் பொத்தானை அமுக்கினால், மார்கழியோ சித்திரையோ ஒரே மாதிரி பிடித்துக்கொள்கிறது. எழுப்புவது இவ்வளவு சுலபமாகிவிட்டதால் எழுப்புவதே பராமரிப்பு என்று நினைக்கத் தொடங்கிவிட்டோம். பிசகு நடந்த இடம் அதுதான்.

செட்டில் நிற்கிற புதுக் கார் தூங்குவதில்லை. கதவுப் பூட்டு ரிமோட்டுக்காகக் காத்திருக்கிறது, அலாரம் விழித்திருக்கிறது, கடிகாரம் ஓடுகிறது, கம்ப்யூட்டர் தன் நினைவைக் காத்துக்கொண்டிருக்கிறது. எல்லாம் சேர்ந்து உறிஞ்சுவது சில பத்து மில்லி ஆம்பியர்தான். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். பெருக்கினால் 5 ஆம்பியர்-மணி. சின்னக் கார் ஒன்றின் பேட்டரி மொத்தக் கொள்ளளவு 35 ஆம்பியர்-மணி என்றால், வாரம் ஏழில் ஒரு பங்கு சத்தமில்லாமல் போகிறது.

சித்தப்பாவின் பத்து நிமிடம் எவ்வளவு தரும்? பேட்டரி ஒரு அண்டா மாதிரி அல்ல, கவிழ்த்து ஊற்றி நிரப்ப. அது மெதுவாகத்தான் வாங்கும். 10 ஆம்பியர் வீதம் வாங்குகிறது என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் பத்து நிமிடத்துக்கு ஒன்றே முக்கால் ஆம்பியர்-மணிகூட வராது. செல்ஃப் இழுத்த செலவு அதில் சொற்பம்தான். ஸ்டார்ட் பண்ணுவதே பேட்டரியைக் கொல்கிறது என்று சிலர் சொல்வது கொஞ்சம் மிகை. பேட்டரியைத் தின்பது அந்த ஒரு வாரத்து விழிப்பு. செலவு 5, வரவு ஒன்றரைச் சொச்சம். இப்படி எட்டு வாரம் நடத்தினால் 25-க்கு மேல் பற்று. ஒன்பதாவது ஞாயிறு, சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சித்தப்பா பதறிப்போய் போன் போடுவார், "நான் ஒரு வாரங்கூட விட்டதில்லப்பா" என்று. பாவம், பொய் இல்லை அது.

பேட்டரி செத்தால் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். இன்ஜினுக்கு நடப்பதுதான் எனக்குக் கவலை. பெட்ரோல் எரிந்தால் புகை வரும் என்று தெரியும். தண்ணீர் வரும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. ஓடுகிற வண்டியில் அது சூட்டோடு சூடாக வெளியே போய்விடும். குளிர்ந்த வண்டியில், சைலன்சர் சூடேறுவதற்குள் ஆவி உள்ளேயே தண்ணீராகப் படிகிறது. மார்கழிக் காலையில் சைலன்சர் முனையில் சொட்டுச் சொட்டாக வடிவதைப் பார்த்திருப்பீர்கள். சொட்டியது போக மிச்சம் உள்ளே தங்குகிறது. ஓட்டாமல் அணைத்துவிட்டால் அடுத்த ஞாயிறுவரை அங்கேயே இருக்கும். சைலன்சர் வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளிருந்து துரு தின்பது இப்படித்தான்.

இன்ஜின் ஆயிலிலும் இதே கதை. பிஸ்டன் ரிங்குகளின் வழியாகக் கொஞ்சம் ஆவியும் எரியாத பெட்ரோலும் ஆயில் இருக்கிற இடத்துக்கு இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். ஆனால் ரேடியேட்டர் தண்ணீர் சூடாகிற வேகத்தில் ஆயில் சூடாகாது. டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று நாம் அணைக்கிற நேரத்தில் ஆயில் பாதி வழியில்தான் இருக்கும். இப்படிப் பல மாதம் செய்த ஒரு வண்டியின் ஆயில் மூடியை நான் திறந்து பார்த்திருக்கிறேன். உட்புறம் பால்கோவா நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஆள் என்பதால் அந்த ஒப்புமை உடனே வந்துவிட்டது. சாப்பிடுகிற பொருளைக் கேவலப்படுத்தியதற்கு மன்னிக்கவேண்டும். ஆயிலும் தண்ணீரும் கடைந்த குழம்பு அது.

அந்த வண்டி, 2020-இல் ஊரடங்கு வந்தபோது நின்ற வண்டி. மார்ச் 25-இல் நாடே நின்றதல்லவா? மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும் என்றிருந்த மாதங்களில், தமிழ்நாடு முழுக்க லட்சக்கணக்கான கார்கள் முதல் முறையாக ஒரே நேரத்தில் 'நிற்கிற வண்டி' ஆயின. 'பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வையுங்கள்' என்ற அறிவுரை வாட்ஸ்அப்பில் அப்போது வராத குழுவே இல்லை. கபசுரக் குடிநீரோடு சேர்ந்து வந்தது. குடிநீர் போய்விட்டது, இந்தப் பழக்கம் தங்கிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், குளிர் நாட்டுக்காரர்கள் இந்தக் கேள்வியை நமக்கு முன்னாலேயே கேட்டு, விடையும் கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கே நிஜமான குளிர். மைனஸ் 18 பாகையில் நல்ல பேட்டரிகூடப் பாதி பலத்தைத்தான் காட்டும். தீர்ந்துபோன பேட்டரி உறைந்து வெடிப்பு விட்டுவிடும். ஆயில் ஜவ்வாகிவிடும். நம் நாட்டிலேயே லடாக்கில் டீசல் உறைந்துபோவது வழக்கமாக இருந்தது. மைனஸ் 33 பாகைவரை தாங்கும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில்தான் அங்கே கொண்டுவந்தது. கனடாவில் கோடைக்கென்று ஒரு காரும் குளிருக்கென்று ஒரு காரும் வைத்திருப்பவர்கள், கோடைக் காரை நவம்பர் வாக்கில் செட்டில் விட்டால் மார்ச், ஏப்ரலில்தான் எடுப்பார்கள். நடுவில் சும்மா ஸ்டார்ட் பண்ணாதே என்பதுதான் அங்கே விஷயம் தெரிந்தவர்கள் சொல்வது.

டொரோண்டோவில் இருக்கிற எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவனிடம் போனில் கேட்டேன், அங்கே நிறுத்திவைத்த காரை என்ன செய்கிறாய் என்று. "பேட்டரியக் கழட்டிக் கீழ பேஸ்மெண்ட்ல வச்சு, சின்னதா ஒரு சார்ஜர்ல மாட்டிட்டேன் மாமா. ஏப்ரல் வரைக்கும் தொடமாட்டேன்." அப்படியானால் ஊரில் நிற்கிற கார்? "அதுக்கென்ன, அப்பா வாரம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணுறாரே." ஒரே ஆள், இரண்டு கார், இரண்டு சட்டம். சொன்னதும் அவனே சிரித்துவிட்டான்.

ஆனால் கனடாவின் விடையை அப்படியே எடுத்துவந்து இங்கே ஒட்டவும் முடியாது. பேட்டரிக்கு நம்மூரில் எமன் மார்கழி அல்ல, சித்திரை. சூடு ஏற ஏற, சும்மா இருக்கும் பேட்டரி தானாக இறங்கும் வேகமும் கூடுகிறது. தகரக் கூரை போட்ட செட்டில் வெயில் காலத்தில் நின்ற பேட்டரியின் ஆயுள் பனிக்காலத்தில் போவதைவிட அதிகம் போகும். ஈரம் சார்ந்த சேதம் மட்டும் ஐப்பசி முதல் மார்கழிவரை. ஒட்டிக்கொள்ளும் பிரேக், ஒட்டிக்கொள்ளும் கிளட்ச் பிளேட், சீட்டில் பூக்கும் பூஞ்சை, கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்த நமுத்த வாடை. அங்கே குளிர்காலம் ஒன்றுதான் பகை. இங்கே மாதத்துக்கு ஒன்று.

எலியைச் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். இந்தப் பக்கம் 1988-இல் அறிவிக்கப்பட்ட நரை அணில் சரணாலயம் இருக்கிறது. இப்போது அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. ஆனால் கார் வயரைக் கடிப்பது அந்த அபூர்வ அணிலும் அல்ல, புலியும் அல்ல. நெல் மூட்டைக்கு வருகிற அதே எலி. அம்பாசடரிலும் எலி இருந்தது. அதில் கடிக்க நாலு வயர், கட்டுப்போட ஒரு இன்சுலேஷன் டேப் போதும். இன்றைக்கு ஒரு வயர்க் கொத்தை மாற்றினால் பல ஆயிரம். புகையிலைக் காம்பும் அந்துருண்டையும் வைத்துப் பார்க்கிறார்கள். வாரம் ஒருமுறை இன்ஜின் சத்தம் கேட்டால் எலி ஓடிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. எலி ஓடுவது உண்மை. அணைத்ததும், வெதுவெதுப்பான இடத்துக்குத் திரும்பி வருவதும் உண்மை. இந்த விஷயத்தில் எனக்கு நம்பிக்கை பானெட்டை வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பதில்தான், சாவியே தேவையில்லை.

செட்டும் மாறிவிட்டது. கீற்றுக் கொட்டகைக்கு முன்பக்கம் திறப்பு, கூரையிலும் இடுக்கு, புகை தன் பாட்டுக்குப் போகும். இப்போது கான்கிரீட் செட், இரும்பு ஷட்டர். பனிக்குப் பயந்து ஷட்டரைப் பாதி இறக்கியபடி உள்ளே காரை ஓடவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தலை சுற்றும்போது எழுந்து வெளியே வருவதற்குக் கால் இருக்காது. மற்ற எதை நீங்கள் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, ஷட்டரை முழுக்கத் தூக்காமல் சாவியைத் திருகவேண்டாம் என்று சித்தப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

எரிபொருளும் பழையது அல்ல. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது 2023-இல் தொடங்கி 2025-க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் சுபாவம் கொண்டது. கால் டேங்க் பெட்ரோலோடு மழைக்காலம் முழுக்க நிற்கிற காரில், மீதி முக்கால் டேங்க்கில் இருப்பது ஈரக்காற்று. நிறுத்துவதற்கு முன் டேங்க்கை நிரப்பிவிட்டால் அந்தக் காற்றுக்கு இடமே இருக்காது. டீசல் கார் என்றால் இன்னொரு சிக்கல். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் கரித்தூளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. நெடுஞ்சாலையில் ஓடிச் சூடேறினால்தான் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். செட்டுக்குள் ஸ்லோவில் ஓடவிட்டால் வடிகட்டியில் கரி சேரும், எரியாது.

தள்ளுவதும் முடிந்துபோன கதை. ஆட்டோமேட்டிக் கியர் வண்டி தள்ளினால் பிடிக்காது. மற்ற வண்டிகளிலும் கம்ப்யூட்டர் விழிக்கப் பேட்டரியில் ஓரளவு உயிர் வேண்டும். அதைவிட, தள்ள ஆள் வேண்டும். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. மீதி வீட்டில் இருப்பவர்களுக்கு முழங்கால் வலி. காப்பீட்டு அட்டையில் இருக்கிற எண்ணுக்குப் போன் பண்ணினால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ ராஜபாளையத்திலிருந்தோ ஒரு பையன் பைக்கில் ஜம்ப் ஒயரோடு வருகிறான். காபி கொடுத்தால் வேண்டாம் என்கிறான்.

நான் யோசித்துப் பார்த்ததில், இந்தப் பத்து நிமிடச் சடங்கு இயந்திரத்தின் தேவையால் வந்ததல்ல. அது பயத்திலிருந்து வந்தது. பத்து லட்சம் ரூபாய்ப் பொருள். வைத்திருப்பவர் சொந்தக்காரர்தான், ஆனாலும் அடுத்தவர் பொருள். தெருவில் இறக்கினால் டிராக்டர் உரசலாம், நாய் குறுக்கே வரலாம், ஒரு கீறல் விழுந்தால் காலத்துக்கும் பேச்சு. "ஓட்டிப் பாருங்க" என்று கொடுத்தவர் சொல்வதில்லை, "ஓட்டட்டுமா" என்று காப்பவரும் கேட்பதில்லை. இருவருக்கும் நடுவே பிறந்த சமரசம்தான் ஸ்டார்ட் பண்ணி அணைப்பது. பெரியப்பா தன் அம்பாசடரை ஊரில் யாருக்கும் கொடுத்தார். முன் மட்கார்டில் நசுங்காத இடமே கிடையாது. அது நின்று கெட்டதே இல்லை, ஓடித்தான் தேய்ந்தது.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். ஓட்ட ஆள் இருந்தால் ஓட்டச் சொல்லுங்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை மகாராஜபுரத்திலிருந்து கிளம்பி, வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ஆண்டாளைச் சேவித்துவிட்டு, வருகிற வழியில் மளிகையும் வாங்கி வரட்டும். ஆயில் சூடேறும், சைலன்சர் காயும், பிரேக் தேய்ந்து துரு உதிரும், டயர் ஒரே இடத்தில் அமுங்கிக் கிடக்காது, பேட்டரிக்கும் வயிறு நிறையும். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால் அந்த நமுத்த வாடையும் போகும். லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் நடப்பில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். கீறல் விழுந்தால் விழட்டும். பாலிஷ் போட்டால் போகிற சங்கதி.

ஓட்ட ஆள் இல்லையென்றால் தொடவே வேண்டாம். டேங்க்கை நிரப்பி, ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வையுங்கள். கம்ப்யூட்டர் தூங்கிவிடும். ரிமோட் வேலை செய்யாது, கதவைச் சாவியால்தான் பூட்டவேண்டும். திரும்ப மாட்டும்போது கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். இதற்கு மேல் பெரிய நஷ்டம் இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும் என்றால் பேட்டரியையே கழற்றி, சார்ஜ் போட்டு வைப்பது இன்னும் நல்லது. சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு அலைய வேண்டியதில்லை; வீட்டு பிளக்கிலேயே மாட்டுகிற சின்ன சார்ஜர்கள் வந்துவிட்டன. அம்பாசடர் டிரைவர் மழைக்காலத்தில் செய்ததும் இதையேதான்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்களிடம் ஒரு கோரிக்கை. பெரும்பாலான கார்களில் பேட்டரி டெர்மினலைக் கழற்ற 10-ஆம் நம்பர் ஸ்பானர் போதும். திரும்பிப் போகும்போது சித்தப்பாவுக்கு அதை ஒன்று வாங்கிக் கொடுத்து, கழற்றி மாட்டுவதை ஒருமுறை கூடவே நின்று செய்து காட்டிவிட்டுப் போங்கள். சாவி தொங்குகிற அந்த ஆணியிலேயே அதுவும் தொங்கட்டும்.